வெந்தாலும் போகாதது

எனக்குக் கடல் என்றால் ஐஸ் பெட்டியில் வருவதுதான். ஈப்போவில் ஏது கடல்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலை. வியாழக்கிழமை காலையில் வேன் வரும். டிரைவர் நீலப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “அக்கா, உங்க கடல் வந்திருச்சு லா, கையெழுத்துப் போடுங்க” என்பார். உள்ளே வரிசையாகப் பாட்டில்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், மேலே அதை எடுத்த இடத்தின் பெயர். தண்ணீரை வடிகட்டி, தாளில் தங்குவதைக் கரைத்து, அதற்குள் ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. பதவி, ஆய்வுக்கூட உதவியாளர். சொந்தக்காரர்களுக்கோ நான் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எத்தனை தடவை சொன்னாலும் கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் தன் சர்க்கரை அளவைச் சொல்லி இது கூடுதலா குறைவா என்று என்னிடம் கேட்காமல் போனதில்லை.

நான் தேடுவது ஒரு பாசியை. பாசி என்றதும் குளத்துப் படியில் வழுக்கும் பச்சையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரே ஒரு செல். கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் தவிட்டு நிறத்தில் உருண்டையாக, இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளத்தோடு தெரியும். அந்தப் பள்ளத்தில் ஒரு மெல்லிய இழை துடித்துக்கொண்டே இருக்க, தன்னைத்தானே சுற்றிச் சுற்றி நீந்தும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டை மறந்து பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும்.

அந்த அழகுக்குள் ஒரு நஞ்சு இருக்கிறது. சிப்பியும் கெராங் என்கிற மட்டியும் பாசியைத் தின்னும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். நாம் சிப்பியைத் தின்றால் அது நம் நரம்புக்குப் போய், சோடியம் நுழைகிற வாசலில் அடைப்பு போல உட்கார்ந்துகொள்ளும். வாசல் அடைபட்டால் நரம்பு சேதி கடத்தாது. முதலில் உதடு மரக்கும், பிறகு விரல், பிறகு கால். அளவு அதிகமாக இருந்தால் நெஞ்சின் தசைகள் மூச்சு இழுப்பதை நிறுத்திவிடும். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். அந்த நஞ்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. முறிக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது.

இதைச் செய்ய அந்தப் பாசிக்கு அரிதான பொருள் எதுவும் தேவையில்லை. ஆர்ஜினின் என்று ஒன்று, பருப்பில் இருக்கிறது, கச்சான் கடலையில் இருக்கிறது, நம் உடம்பிலும் இருக்கிறது. அதை எடுத்து ஒட்டி, மடித்து, வளைத்துப் படிப்படியாக நஞ்சாக்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி, ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு. முதல் படியைத் தொடங்கிவைக்கிற மரபணுவுக்கு நான்கு பகுதிகள். நாலாவது பகுதியைத்தான் நாங்கள் தேடுகிறோம். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ‘ஏ-நாலு’ என்போம்.

இந்த மரபணு பாசியின் சொந்தச் சொத்தே அல்ல என்கிறார்கள். நினைத்துப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து வந்து ஏறிக்கொண்டதாம். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்களைப் போல எங்கிருந்தோ வந்து, வந்த இடத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டு, பிள்ளை குட்டி என்று பெருகிவிட்டது. சில பாசிகளில் ஏ-நாலு ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்த ஒற்றைச் செல்லின் மரபணுத் தொகுப்பு மனிதனுடையதைவிடப் பல மடங்கு பெரியது. இவ்வளவு சின்ன உடம்புக்கு எதற்கு இத்தனை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளங்காத இன்னொன்றுதான் பெரிய தலைவலி. ஏ-நாலு இருந்தால் நஞ்சு இருக்குமா? இருக்கலாம். ஒரே இனம், ஒரே குடா, பக்கத்தில் பக்கத்தில் எடுத்த இரண்டு செல். இரண்டிலும் மரபணு இருக்கும், இரண்டிலும் அது வாசிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், ஒன்று நஞ்சு செய்யும், மற்றது செய்யாது. விளக்கு மாதிரி அணைத்துப் போடுகிற சுவிட்ச் அந்த மரபணுவில் இல்லை. அதற்குப் பிறகு, உள்ளே எங்கோ ஓரிடத்தில் முடிவு நடக்கிறது. தன்னைத் தின்னும் பூச்சிகளின் வாடை தண்ணீரில் வந்தால் சில பாசிகள் கூடுதலாகச் செய்கின்றன. எங்கள் தலைவி ஒரு சீனப் பெண்மணி, இதற்காகவே வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர். “வீட்ல அரிவாள் இருக்குங்கிறதுக்காக கொலை நடந்திருச்சுன்னு எழுத முடியுமா?” என்று மலாயில் கேட்பார். முடியாதுதான். அதனால் ஏ-நாலு கிடைத்தால் மாதிரியை நஞ்சுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். பத்துக்கு ஒன்பது தடவை, நஞ்சு இல்லை என்று பதில் வரும்.

இந்தப் பத்துக்கு ஒன்பது என் குடும்பத்துக்குள் வந்து செய்த வேலையைத்தான் சொல்ல வந்தேன்.

என் அண்ணன் கமுந்திங் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வீடு அங்கிருந்து உள்ளே, நாங்கள் பிறந்த தோட்டத்தில். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். செம்பனையில் பாதியை அழித்துத் தொழிற்சாலை கட்டினார்கள். எப்படியோ ஒரு வரிசை லயத்து வீடுகள் மட்டும் இடிபடாமல் நிற்கின்றன. அதில் நாலு வீட்டில்தான் ஆள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். ஒரே மகள், படித்து முடித்து ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

அண்ணனுக்கு நாக்கு நீளம். சாப்பாட்டு விஷயத்தில் சொல்கிறேன், பேச்சிலும் குறைச்சலில்லை. மகள் பரீட்சையில் தேறியதற்கு ஒரு தடவை வீட்டில் விருந்து வைத்தார். ஒரு பெரிய பேசின் நிறைய கெராங் வாங்கிவந்து, தானே கழுவி, வெந்நீரில் போட்டு எடுத்து, சாம்பால் மிளகாய்த் துவையலோடு மேசையில் வைத்தார். அந்த வாரம் எனக்கு ஏ-நாலு கிடைத்திருந்தது. நான் பேசினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கால்வாயில் கொட்டிவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் அறிக்கை வந்தது. நஞ்சு இல்லை.

அதற்குப் பிறகு நான் ‘ஜீன் டாக்டர்’ ஆகிவிட்டேன். “ஜீன் டாக்டர் வாராங்க, மீனை ஒளிச்சு வைங்க” என்பார். “தண்ணி குடிக்கலாமா டாக்டர், அதுல ஜீன் இருக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கோபமில்லை, அண்ணன் கிண்டல்தான். எனக்கு மட்டும் முகம் சுருங்கும். இன்னும் இரண்டு தடவை எச்சரித்தேன். இரண்டு தடவையும் பதில், நஞ்சு இல்லை. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னால் போதும், வீட்டில் எதற்கு வம்பு என்று.

அது ஒரு புரட்டாசி. வியாழக்கிழமை வழக்கம்போலப் பெட்டி வந்தது. எங்கள் இயந்திரம் மரபணுவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். திரையில் கோடு தரையோடு படுத்திருக்கும். நாம் தேடுவது தண்ணீரில் இருந்தால் ஒரு கட்டத்தில் தலை தூக்கும். எவ்வளவு சீக்கிரம் தூக்குகிறதோ அவ்வளவு அதிகம் இருக்கிறது என்று கணக்கு. ஒரு பாட்டிலின் கோடு மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பச் சீக்கிரம் எழுந்தது. கை தவறி இரண்டு தடவை ஊற்றிவிட்டேனோ என்று மறுபடியும் செய்தேன். மறுபடியும் அப்படியே. தலைவியிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார். நஞ்சுப் பரிசோதனைக்கு அனுப்பு, செவ்வாய்க்கிழமை தெரியும் என்றார். அதுவரை வெளியே எதுவும் சொல்லக் கூடாது, அதுதான் முறை. தேவையில்லாமல் மீனவர்களின் பிழைப்பில் மண் போடக் கூடாது என்று அந்த முறையை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நான் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி கூப்பிட்டார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு நான் பாப்பா.

“பாப்பா, குப்பாங் எவ்ளோ நேரம் வேக வைக்கணும்? உங்க அண்ணன் ஒரு பை நெறைய கொண்டாந்து போட்டிருக்காரு. அவரு கூட்டாளி குடுத்தாராம்.”

குப்பாங் என்பது பச்சை ஓட்டுச் சிப்பி.

“வாய் தொறந்தா வெந்திருச்சு அண்ணி.”

“எனக்குப் பயமா இருக்கு லா. புரட்டாசி, நான் வாயில வச்சுப் பாக்க முடியாது. அதான் அரிசியும் பூண்டும் போட்டிருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் மழை விட்டதும் விழுந்து கிடக்கிற பால்மரத்தில் காளான் பூக்கும். எல்லா வீட்டிலும் பறித்துவந்து வேக வைப்பார்கள். அப்போது ஒரு பிடி அரிசியும் நாலு பல் பூண்டும் சட்டியில் போடுவார்கள். அரிசி கறுத்தால் விஷக்காளான், கொட்டிவிட வேண்டும். வெள்ளையாக இருந்தால் சாப்பிடலாம். லயம் முழுக்க இதுதான் சட்டம். அரிசி கறுத்து நான் பார்த்ததில்லை. காளான் தின்று யாரும் சாகவுமில்லை. பால்மரத்தில் பூத்தது நல்ல காளான், அவ்வளவுதான் காரணம். அரிசிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

“அண்ணி, அது காளானுக்கு.”

“எதுக்கா இருந்தா என்ன, விஷம்னா விஷந்தானே? அரிசி வெள்ளையாத்தான் இருக்கு.”

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. “யாரு, ஜீன் டாக்டரா? கால்வாயில கொட்டச் சொல்லுதா?”

கூட்டாளி எந்த இடத்தில் பிடித்தார் என்று நான் கேட்கவில்லை. வாய்வரை வந்தது. கேட்டிருந்தால் அண்ணன் போனைப் பிடுங்கி ஒரு மூச்சு கிண்டல் செய்திருப்பார். கையில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது, சட்டையின் காலர் பாதியில் நின்றது.

“நல்லா வேக வைங்க அண்ணி, ஒன்னும் ஆகாது” என்றேன்.

வேக வைத்தால் அந்த நஞ்சு போகாது என்பது இந்த மாநிலத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். வேலைக்கு வருகிற புதியவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதே அதுதான். இருந்தும் அப்படிச் சொன்னேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் பார்த்துப் போங்க என்று சொல்வோமே, அந்த மாதிரி வாயில் வந்தது. அதில் அறிவும் இல்லை, அக்கறையும் இல்லை. போனை வைத்துவிட்டு மிச்சச் சட்டைகளையும் இஸ்திரி போட்டேன்.

ஒன்றரை மணிக்கு அண்ணனே கூப்பிட்டார்.

“பாப்பா, உதடு மரத்துப் போச்சு. பல்லு புடுங்க ஊசி போட்ட மாதிரி இருக்கு லா.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல் மட்டும் கொஞ்சம் குழறியது.

“எங்க எடுத்த குப்பாங் அண்ணே?”

ஒரு பழைய மரப் படகுத்துறையின் பெயரைச் சொன்னார். அதன் கால்களில் ஒட்டியிருந்ததைக் கூட்டாளி சுரண்டி எடுத்ததாம். வியாழக்கிழமை சீக்கிரம் எழுந்த அந்தக் கோடு இருக்கிறதே, அந்தப் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பெயரும் அதுதான்.

“ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“கொஞ்சம் படுத்து எந்திரிச்சா சரியாயிரும்.”

“இப்பவே போங்கண்ணே!” நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆம்புலன்ஸுக்கு நான் ஈப்போவிலிருந்து சொன்னேன். தோட்டத்து வழியை விளக்கச் சொன்னார்கள். விளக்க என்ன இருக்கிறது, அந்த இடத்துக்கு இப்போது பெயர்கூடக் கிடையாது. அதற்குள் அண்ணி பக்கத்து வீட்டுக் காரில் அவரை ஏற்றிவிட்டார். செம்பனை லாரி ஓடி ஓடி அந்த மண் பாதை குழியாகிக் கிடக்கும், வேகமாகப் போக முடியாது. பாதி வழியிலேயே அண்ணனுக்குக் கை தூக்க வரவில்லை. பெரிய சாலையைத் தொடும்போது மூச்சு நின்றது. அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டே போனாராம். காரை ஓட்டியவர் இதைப் பிறகு சொன்னார். அண்ணனுக்கு அது கேட்டிருக்கும். புத்தி தெளிவாக இருந்து, சொன்னது புரிந்து, இழுக்க முடியாமல் படுத்திருந்திருப்பார். இந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் உடனே மூச்சு மெஷின் வைத்தார்கள். நஞ்சு இரண்டு மூன்று நாளில் சிறுநீரோடு வெளியேறிவிட்டது. அதுவரை மூச்சை மட்டும் யாராவது நிற்காமல் ஓட வைத்திருந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்திருப்பார். ஆனால் காருக்குள் மூச்சில்லாமல் போன நிமிஷங்களில் மூளை போய்விட்டது. டாக்டர் சின்ன வயசு, நல்ல பையன், எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரியாமல் இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை, அண்ணனின் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என் போனில் அறிக்கை வந்தது. அந்த வருஷம் நாங்கள் பார்த்ததிலேயே அதிகமான நஞ்சு அந்தப் படகுத்துறையில். அன்று மாலையே எச்சரிக்கை போயிற்று. முறை சரியாக வேலை செய்தது.

பதினோரு நாள் கழித்து அண்ணன் இறந்தார்.

குப்பாங் கொடுத்த கூட்டாளி ஒரு சீனர், தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர். அவரும் நாலைந்து தின்றிருந்தார். ஒரு நாள் நாக்கு மரத்தது, அவ்வளவுதான். எந்தச் சிப்பியில் எவ்வளவு என்பதில் நியாயம் எதுவும் கிடையாது. சாவு வீட்டுக்கு வந்தவர் உள்ளே வராமல் வேலிக்கு வெளியிலேயே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார். அவரை யாரும் திட்டவில்லை. திட்டு எல்லாம் வேறு ஆளுக்குச் சேர்ந்துகொண்டிருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஜொகூரிலிருந்து வந்ததிலிருந்து அம்மாவோடு அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“நீங்க ஒன்னுகூட வாயில வைக்கல. அப்பாவுக்கு மட்டும் போட்டுக் குடுத்தீங்க.”

“புரட்டாசிம்மா.”

“அரிசி போட்டுப் பாத்தீங்களாம்! இந்தக் காலத்துல யாரும்மா அரிசி போட்டுப் பாக்குறா? போன்ல தேடிப் பாத்திருக்கலாம். வீட்லயே ஆளு இருக்கு, இதே வேலையா இருக்கு, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

அண்ணி இலையிலிருந்து தலை தூக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இலைகளை மடித்து மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேதான் நின்றேன், கையில் துடைப்பத்தோடு. கேட்டாங்க, என்கிட்ட கேட்டாங்க என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லவில்லை. அதிர்ச்சியில் அண்ணிக்கு அந்த போன் பேச்சே மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்ததை எதற்கு நினைவுபடுத்த வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். எனக்கு நான் நல்ல வக்கீல்.

அண்ணன் மகள் மறுநாளே போய்விட்டாள். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வரவில்லை. அம்மா கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னை மட்டும் கூப்பிடுவாள். அப்பாவைப் பற்றி அழுவாள். பிறகு அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள், கேட்க முடியாது. “படிக்காத பொம்பள கொன்னுட்டாங்க அத்த” என்று ஒரு தடவை சொன்னாள். அப்படிப் பேசக் கூடாதும்மா என்றேன். ஏன் பேசக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் இதை யோசிக்காத நாளில்லை. அண்ணியிடம் ஒரு சோதனை இருந்தது, அது எப்போதும் பயமில்லை என்று சொல்லும். என்னிடம் ஒரு சோதனை இருந்தது, அது எப்போதும் பயம் என்று சொல்லும். அரிசி கறுத்ததே இல்லை, அதனால் அண்ணி அதை நம்பினார். ஏ-நாலு கிடைத்தும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, அதனால் நான் அதை நம்புவதை விட்டுவிட்டேன். அண்ணி படிக்காததால் தவறினார். நான் படித்துவிட்டுத் தவறினேன். யார் பக்கம் பாவம் அதிகம் என்று தெரிய எனக்கு மெஷின் வேண்டியதில்லை.

அந்தத் தண்ணீரில் மிச்சம் இருந்ததிலிருந்து தலைவி ஒரு செல்லை மட்டும் மெல்லிய கண்ணாடிக் குழலால் உறிஞ்சி எடுத்தார். அதை வளர்த்துப் பெருக்கினால் ஆராய்ச்சிக்கு ஆகும். என் நிலைமை தெரிந்து, வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுத் தண்ணீர். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, குடுவை தவிட்டு நிறமானது. பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி அண்ணனைக் கொன்றதற்கு நான் உப்பும் விட்டமினும் அளந்து ஊற்றினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், கேள்வி கேட்க எனக்கு அதை விட்டால் வேறு யாரும் இல்லை. எந்த நேரத்தில், எதைப் பார்த்து, அது நஞ்சு செய்ய முடிவு செய்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். தெரிந்தால் ஏ-நாலோடு சேர்த்து இன்னொன்றையும் தேடலாம், அடுத்த தடவை வியாழக்கிழமையே சொல்லிவிடலாம்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் எடுத்து நஞ்சுக்கு அனுப்பினோம். முதலில் நிறைய இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு இன்னும் குறைந்தது. கடைசி அறிக்கையில், இல்லை. மரபணு அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்து மாறவில்லை, வாசிக்கவும் படுகிறது. நஞ்சு மட்டும் இல்லை. குடுவையில் ரொம்ப நாள் வாழும் பாசிகள் சில இப்படி மறந்துவிடுவது உண்டு என்று தலைவி சொன்னார். ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்றார். நான் குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அவை பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன. அண்ணன் செத்ததற்கு அங்கேயும் பதில் இல்லை. இனி எங்கேயும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் கார் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வரிசையில் இப்போது இரண்டு வீட்டில்தான் ஆள். அண்ணி இளைத்துப் போயிருந்தார். மீன் வாடையே வீட்டில் இல்லை, வருஷம் முழுக்கவே புரட்டாசி ஆக்கிக்கொண்டுவிட்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். நான் குடிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன்.

அரிசி கறுக்காது, எந்த நஞ்சுக்கும் கறுக்காது என்றேன். பூண்டுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். ஒரு மணி நேரம் வேக வைத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும், அதனால் உங்கள் மேல் தப்பில்லை என்றேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு நிமிஷம் முன்ன எறக்கிட்டேனோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார். “ஓரத்துல ஒரு அரிசி பழுப்பா இருந்திச்சோன்னும் தோணும்.”

“இல்ல அண்ணி. அதெல்லாம் இல்ல.”

“இது ஒனக்கு முன்னயே தெரியுமா? வெந்தாலும் போகாதுன்னு?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் நல்லா வேக வைக்கச் சொன்ன?”

அப்படியானால் அவருக்கு மறக்கவில்லை. பதினாறாம் நாள் இலையை மடித்துக்கொண்டிருந்தபோதும் மறந்திருக்கவில்லை.  “வாயில வந்திச்சு அண்ணி” என்றேன். அதைவிடக் கேவலமான பதிலை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை. பிறகு வியாழக்கிழமைப் பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். எந்த இடம் என்று கேட்காமல் விட்டதைச் சொன்னேன். ஏன் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். அழுதேன். அண்ணி அழவில்லை.

“நான் இன்னைக்கே அவளுக்குக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்றேன்” என்றேன். “தப்பு என்னோடதுன்னு சொல்றேன். அவ உங்ககிட்ட பேசுவா.”

“வேணாம்.”

“அண்ணி...”

“வேணாம் பாப்பா. அவளுக்கு அப்பா இல்ல. என்னைய அவ விட்டு ரெண்டு வருஷம் ஆகப்போவுது, நீ சொன்னாலும் ஒடனே வந்து ஒட்டிக்குவாளா? ஒன்கிட்டதான் அழுவுறா. இதச் சொன்னா ஒன்னையும் விட்ருவா. அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா? எனக்குப் பழகிப்போச்சு. அவ எங்கயாச்சும் யார்கிட்டயாச்சும் பேசிக்கிட்டு இருக்கட்டும்.”

நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். முடியாது, நியாயம் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். “சரி அண்ணி” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்தது வெட்கமல்ல, துக்கமல்ல. நிம்மதி. உடம்பு முழுக்க நிம்மதி. அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்திருப்பார். ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு போய் வேறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். குடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மகள் கூப்பிட்டாள். வேலையைப் பற்றிப் பேசினாள், அப்பாவைப் பற்றிப் பேசினாள், பிறகு வழக்கம்போல அம்மாவைத் திட்டினாள். நான் முழுவதையும் கேட்டேன். அடுத்த வாரம் கூப்பிடுகிறேன் அத்த, நீங்க மட்டும் இல்லன்னா நான் என்ன ஆவேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.